மோட்டோர்ல சுத்துறவங்களுக்கு முதல் கேமரா: கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு யோசிங்க

ஞாயித்துக்கிழம காலையில மலேசியாவுல, பேரா மாநிலத்து சுங்கை சிப்புட் பெரிய ரோட்டோரத்துல ஒரு தோசைக் கடையில ஏழெட்டு பேரு மோட்டோர வரிசையா நிப்பாட்டிட்டு தே தாரிக் குடிச்சிட்டுதான் கெளம்புவோம். அங்க வர்ற தம்பிங்கள்ல யாராவது ஒருத்தன் மாசத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுருவான், "அண்ணே, ரைடுக்கு என்ன கேமரா வாங்கலாம்?"னு. கேக்கும்போதே ஃபோன்ல ஒரு படம் தயாரா வெச்சிருப்பான், லென்ஸ் கழட்டி மாட்டுற மிரர்லெஸ் கேமரா, நல்லா நீட்டு லென்ஸோட, சேல் போட்டிருக்கு அண்ணே இன்னிக்கி ராத்திரி 12 மணிக்கு முடியுதுன்னு சொல்லுவான். நான் திருப்பி ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், இத எங்க வெப்ப? அவன் மோட்டோர பாப்பான், ஒய்15, அதுல ஒரு கோழி முட்ட வெக்கக் கூட எடம் இல்ல, அப்பறம் முதுகு பைய பாப்பான், அதுல மழ கோட்டு, டயர் ஒட்டுற சாமான், மாத்துத் துணி. அப்பதான் மண்டையில ஏறும்.

கேமரா வாங்குறதுக்கு மொத பரீட்ச இதுதான், வீட்டுலயே செஞ்சி பாக்கலாம், காசு வேணாம். ஜாக்கெட் போடுங்க, கையுறை மாட்டுங்க, ஹெல்மெட் போடுங்க, மோட்டோர்ல ஏறி உக்காருங்க. இப்ப நீங்க வாங்கப் போற கேமரா அளவுக்கு ஒரு டப்பாவ, சோப்பு டப்பாவோ பிஸ்கட் டின்னோ, எங்க வெக்கப் போறீங்களோ அங்க வெச்சிட்டு, வண்டிய ஓரங்கட்டி நிறுத்துன மாதிரி நெனச்சிக்கிட்டு அத வெளிய எடுத்து, ஒரு படம் எடுக்குற மாதிரி புடிச்சி, திரும்ப உள்ள வைங்க. 20 விநாடிக்குள்ள முடிஞ்சா அந்த அளவு கேமரா உங்களுக்கு சரி. எறங்கி, பைய கழட்டி, மழ உறைய நீக்கி, ஜிப்ப தொறந்து, கையுறைய கழட்டி வாயில கடிச்சிக்கிட்டு, லென்ஸ் மூடிய எங்க வெக்கிறதுன்னு தேடுனீங்கன்னா, மொத ரைடுல பத்து படம் எடுப்பீங்க, ரெண்டாவது ரைடுல மூணு, அப்பறம் அது அலமாரியில தூங்கும். சும்மா சொல்லல, எனக்கே நடந்தது.

நான் மொத வாங்குனது செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர், லென்ஸ் மாத்துற பெரிய கேமரா. படம் சூப்பரா வரும், ஒத்துக்குறேன். நாங்க வளந்த தோட்டத்துல பழைய லயம் ஒரு வரிச பாக்கி நின்னுச்சு, பலக சொவரு, தகர கூர, முன்னாடி மொருங்க மரம், ஆளுங்க எல்லாம் டாமான் குடியிருப்பு வீட்டுக்கு போயி வருஷமாச்சு. வேலைக்கு போற வழியில தெனமும் அதத் தாண்டித்தான் போவேன், காலையில ஏழே கால் மணிக்கு வெயிலு அந்த தகரத்துல சாஞ்சி விழும் பாருங்க, அடுத்த வாரம் கேமராவ எடுத்துட்டு வந்து நிதானமா எடுப்போம்னு நெனச்சி நெனச்சே எட்டு மாசம் ஓட்டிட்டேன். ஒரு திங்கக்கிழம போறேன், புல்டோசர் நிக்குது, செம்மண்ணுதான் இருக்கு. இப்ப அங்க செம்பனக் கன்னு நட்டு முட்டி ஒசரம் வந்துருச்சு. அந்த எட்டு மாசமும் என் கேமரா வீட்டுல பைக்குள்ள பத்திரமா இருந்துச்சு. அதுக்கு அப்பறம்தான் நான் கேமராவ தரத்த வெச்சி பாக்குறத விட்டுட்டு, ஜாக்கெட் பாக்கெட்டுக்குள்ள போகுமா போகாதான்னு பாக்க ஆரம்பிச்சேன்.

சரி விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு வேணும்கிறது ஓடுற வீடியோவா, நின்னு எடுக்குற படமா? இது ரெண்டும் வேற வேற சாமான், ஒண்ணே ரெண்டையும் செய்யும்னு கடைக்காரன் சொல்லுவான், செய்யும், ரெண்டையும் அரகொறையா செய்யும். கிரிக் தாண்டி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில வளைஞ்சி வளைஞ்சி போறத, கூட்டாளிங்க முன்னாடி போறத, மழ அடிக்கிறத அப்படியே புடிக்கணும்னா அது ஹெல்மெட்டுல மாட்டுற சின்ன ஆக்‌ஷன் கேமரா வேல. கோலகங்சார்ல எறங்கி பள்ளிவாசல எடுக்குறது, காராய் பக்கம் பழைய ரயில் பாலத்த எடுக்குறது, தாத்தா ஒருத்தர் பால் வாளியோட நிக்கிறத கேட்டுட்டு எடுக்குறது, இதெல்லாம் ஸ்டில் கேமரா வேல. ரெண்டும் வேணும்னு தோணுனா மொத ரெண்டு மாசம் கையில இருக்குற ஃபோன வெச்சே ரெண்டையும் எடுத்துப் பாருங்க, எத அதிகமா திரும்பத் திரும்ப பாக்குறீங்களோ அதுக்கு காசு போடுங்க. முக்காவாசி பேரு 40 நிமிஷ ரைடு வீடியோவ எடுத்த அன்னிக்கி ஒரு தடவ பாக்குறதோட சரி, அப்பறம் ஹார்ட் டிஸ்க்குல கெடக்கும்.

ஃபோனப் பத்தி சொல்லும்போது ஒண்ணு முக்கியமா சொல்லியாகணும். ஹேண்டல்ல க்ளாம்ப் போட்டு ஃபோன மாட்டி வழி பாத்துக்கிட்டு, அப்படியே அதுலயே வீடியோவும் எடுக்குறாங்க பாருங்க, அது ஃபோன் கேமராவுக்கு சத்துரு. இப்ப வர்ற நல்ல ஃபோன்ல எல்லாம் கேமரா லென்ஸ் கெட்டியா ஒட்டி இருக்காது, கை நடுக்கத்த சரி பண்றதுக்காக சின்ன காந்தம் வெச்சி அந்தரத்துல ஆடுற மாதிரிதான் வெச்சிருக்கான். எஞ்சின் அதிர்வு ஹேண்டல் வழியா நேரா அதுல ஏறுனா நாளாக நாளாக அந்த பாகம் கெட்டுப் போகும். ஆப்பிள் கம்பெனியே 2021 செப்டம்பர்ல இத எழுத்துல போட்டான், சக்தி அதிகமான மோட்டோர் எஞ்சினோட அதிர்வு ஐஃபோன் கேமராவ பாதிக்கும், நேரா ஹேண்டல்ல மாட்டாதீங்கன்னு, சின்ன எஞ்சின் ஸ்கூட்டர்னா அதிர்வு கம்மிதான் ஆனாலும் அதிர்வு தாங்குற மவுண்ட் போடுங்கன்னும் சேத்து சொன்னான். எங்க செட்டுல ஒருத்தன் பழைய இஎக்ஸ்5 மோட்டோர்ல ஒரு வருஷம் மாட்டி ஓட்டுனான், இப்ப அவன் ஃபோன்ல கேமராவ தொறந்தா படம் தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி ஆடும், டிக் டிக்னு சத்தம் வேற. வழி பாக்க ஃபோன் வேணும்னா பழைய ஃபோன் ஒண்ண மாட்டுங்க, நல்ல ஃபோன பாக்கெட்டுல வைங்க. ஓட்டிக்கிட்டே ஃபோன கையில எடுக்குறது சட்டப்படி குத்தம்கிறது வேற விஷயம், அத நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

இப்ப ஆக்‌ஷன் கேமரா. கோப்ரோ, டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன், இன்ஸ்டா360, இந்த மூணு பேருதான் நம்ம ஊருல சுலபமா கெடைக்கும். புதுசா வர்றவங்க ஆகப் புது மாடல் வாங்கணும்னு எந்த அவசியமும் இல்ல. கோப்ரோ 9க்கு மேல எது கெடச்சாலும், ஓஸ்மோ ஆக்‌ஷன் 3 இல்ல 4 கெடச்சாலும், நம்ம வேலைக்கு ஏகப்பட்டது. ஆட்டத்த நிறுத்துற வேலைய இதுங்க எல்லாம் உள்ளுக்குள்ள கணக்கு போட்டு படத்த வெட்டி செய்யுது, அதனால ஃபோன் மாதிரி அதிர்வுல சீக்கிரம் கெட்டுப் போற ஆடுற பாகம் இதுல இல்ல. கோப்ரோ தனி கூடு இல்லாமலே 10 மீட்டர் தண்ணி தாங்கும், ஓஸ்மோ ஆக்‌ஷன் 4னா 18 மீட்டர் தாங்கும், ஆக நம்ம பேரா மாநிலத்து சாயந்தர மழ எல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல. செகண்ட் ஹேண்ட் பாக்குறவங்களுக்கு ஒரு நல்ல விஷயம், கோப்ரோ 9ல இருந்து 12 வரைக்கும் பேட்டரி ஒண்ணுதான், மாத்தி மாத்தி போடலாம், 13க்கு வேற பேட்டரி, அது பழசுல போகாது.

எங்க மாட்டுறதுங்கறதுதான் இதுல பாதி வேல. ஹேண்டல்ல மாட்டுனா மீட்டரும் ரோடும் தெரியும் ஆனா அதிர்வு முழுக்க ஏறும், படம் ஜெல்லி மாதிரி நெளியும், அது என்ன ஆட்டம் நிறுத்துற ஸ்டெபிலைசேஷன் போட்டாலும் முழுசா போகாது. ஹெல்மெட் உச்சியில மாட்டுனா காத்து இழுத்து கழுத்து வலிக்கும், பாக்கவும் டெலிடபீஸ் பொம்ம மாதிரி இருக்கும். தாடைக்கு முன்னாடி மாட்டுறதுதான் எங்க எல்லாருக்கும் ஒத்துப் போச்சு, நம்ம கண்ணு பாக்குற எடத்த கேமராவும் பாக்கும், உடம்பே அதிர்வ வாங்கிக்கும். ஆனா அதுக்கு முழு முகம் மூடுற ஹெல்மெட் வேணும். ஒட்டுற மவுண்ட் எதுவா இருந்தாலும் விழுந்தா உடைஞ்சி தனியா கழண்டு போற மாதிரி இருக்கணும், இரும்பு ஸ்க்ரூ போட்டு ஹெல்மெட்ட ஓட்ட போட்டு இறுக்குறது எல்லாம் வேணாம், அது தலைக்கு போட்டிருக்குற சாமான், கேமரா ஸ்டாண்டு இல்ல.

சத்தத்த பத்தி யாரும் மொதல்ல யோசிக்கிறதே இல்ல. 60ல போனாலே காத்து சத்தத்த தவிர வேற எதுவும் கேக்காது. நீங்க பேசி வீடியோ எடுக்குற ஆளுன்னா ஹெல்மெட்டுக்குள்ள சின்ன மைக் போட வழி இருக்குற மாடலா பாருங்க, கோப்ரோவுல வயர் மைக் மாட்டணும்னா தனியா ஒரு அடாப்டர் வாங்கணும், அந்த காசையும் சேத்து கணக்கு போடுங்க. பேசப் போறதில்ல, பாட்டு போட்டுக்குவேன்னா இத விட்டுத் தள்ளுங்க.

மெமரி கார்டு கணக்கு ஒண்ணு சொல்றேன், எட்டாம் வகுப்பு கணக்குதான். 4கே வீடியோ விநாடிக்கு 60 மெகாபிட்டுனு வெச்சிக்குங்க, எட்டால வகுத்தா ஏழரை மெகாபைட்டு, ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி. 100 மெகாபிட்டுனா 45 ஜிபி. 64 ஜிபி கார்ட போட்டுக்கிட்டு கிரிக்குக்கு அந்தப் பக்கம் இருக்குற பண்டிங் ஏரி போயிட்டு வர்றேன்னு கெளம்பி, 100 மெகாபிட்டுல எடுத்தா ஒன்ற மணி நேரத்துக்குள்ளயே கார்டு ரொம்பிரும். அதனால தொடர்ந்து எடுக்காதீங்க, நல்ல வளைவு, பாலம், மலை தெரியுற எடம், அப்படி ரெண்டு மூணு நிமிஷமா எடுங்க. கார்டுல வி30னு போட்டிருக்கணும், கொறஞ்சது விநாடிக்கு 30 மெகாபைட்டு எழுதும்னு அர்த்தம். பாசார் மாலாம் ராத்திரி சந்தையில பத்து வெள்ளிக்கு 512 ஜிபின்னு ஒருத்தன் விப்பான், வாங்கிறாதீங்க, உள்ள உண்மையில எவ்வளவு இருக்குனு ரைடு முடிஞ்சி வந்து பாக்கும்போதுதான் தெரியும். அதோட வெயில்ல வண்டிய நிறுத்திட்டு கேமரா மட்டும் ஓடிக்கிட்டு இருந்தா சூடாகி தானா அணைஞ்சிரும், ஓடும்போது காத்து பட்டு தப்பிச்சிக்கும், சிக்னல்லயும் சாப்பாட்டுக் கடையிலயும் மறக்காம அணைச்சிருங்க.

ஆக்‌ஷன் கேமராவுலயே படமும் எடுத்துக்குறேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. அதோட லென்ஸ் ரொம்ப அகலம். பக்கத்துல இருக்குறது பெருசா தெரியும், தூரத்துல இருக்குறது எல்லாம் சுருங்கிப் போகும். கண்ணுக்கு முன்னாடி மத்திய மலைத்தொடர் மூட்டத்தோட சொவரு மாதிரி நிக்கும், படத்துல பாத்தா எறும்புப் புத்து. தூரத்து மலைக்கும் ஆளு முகத்துக்கும் கொஞ்சம் ஜூம் உள்ள கேமராதான் லாயக்கு.

அதனால ஸ்டில் கேமரா பக்கம் வருவோம், இங்கதான் நான் கொஞ்சம் விலாவாரியா பேசப் போறேன், ஏன்னா காசு வீணாகுறது இங்கதான். மூணு வக இருக்கு. மொதலாவது, தண்ணி, தூசி, அடி எல்லாம் தாங்குற கெட்டி காம்பேக்ட். ஒலிம்பஸ் டஃப் டிஜி வரிச இதுல பேர் போனது, டிஜி-5 2017ல வந்துச்சு, டிஜி-6 2019ல, அப்பறம் ஒலிம்பஸ் கேமரா வியாபாரம் கை மாறி ஓஎம் சிஸ்டம்னு பேர் மாறிடுச்சு, அந்தப் பேர்ல டிஜி-7 2023ல வந்துச்சு. 15 மீட்டர் தண்ணி, 2.1 மீட்டர் ஒசரத்துல இருந்து விழுந்தாலும் தாங்கும்னு கம்பெனி சொல்றான், எட 250 கிராம் சொச்சம், லென்ஸ் 25ல இருந்து 100 மில்லிமீட்டர் வரைக்கும் ஜூம், அதாவது நாலு மடங்கு, எல்லாமே உள்ளுக்குள்ளயே நகரும், வெளிய நீட்டிக்கிட்டு வராது. இந்த கடைசி விஷயம்தான் நமக்கு தங்கம். ஏன்னா தோட்டத்து செம்மண் ரோட்டுல முன்னாடி ஒரு லோரி போனா போதும், தூசி எங்கெல்லாம் பூரும்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது வக, ஒரு இஞ்ச்னு பேரு வெச்ச சென்சார், அதான் வெளிச்சத்த வாங்கி படமாக்குற சில்லு, அது போட்ட பாக்கெட் கேமரா, சோனி ஆர்எக்ஸ்100 மாதிரி. 2012ல வந்த மொத மாடலே இன்னிக்கும் நல்லா படம் எடுக்கும், 20 மெகாபிக்சல், எட 240 கிராம்தான். சென்சார் அளவு எவ்வளவு வித்தியாசம்னு பாத்தீங்கன்னா டிஜி வகையில இருக்குறது சுமாரா 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், இது 13.2க்கு 8.8, பரப்பளவுல நாலு மடங்கு. பகல்ல ஃபோன்ல பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது. ராத்திரி, தைப்பூசத்துக்கு காவடி வரும்போது, கோயில் திருவிழா லைட்டுல, அப்பதான் தெரியும், டிஜி படம் எல்லாம் ரவ ரவயா மணல் தூவுன மாதிரி இருக்கும், இது தெளிவா இருக்கும். ஆனா லென்ஸ் கொழாய் மாதிரி வெளிய வந்து உள்ள போகும், ஒவ்வொரு தடவையும் தூசியையும் சேத்து உள்ள இழுக்கும், ஒரு தடவ சென்சார் மேல தூசி ஒக்காந்துட்டா வெளிய எடுத்து தொடைக்க முடியாது, மொத்தத்தையும் பிரிக்கணும். மழைக்கும் ஆகாது. டவுன் ரோட்டுலயே சுத்துற ஆளு, கோயில், சாப்பாடு, கூட்டாளிங்க, ராத்திரி படம், அப்படின்னா இத வாங்குங்க, ஜிப்லோக் பைக்குள்ள போட்டு வைங்க.

மூணாவதுதான் எல்லாரும் ஆசப்படுற மிரர்லெஸ், சோனி ஏ6000, கேனன் ஆர்50, நிக்கான் இசட்30 அந்த மாதிரி. சென்சார் சுமாரா 23க்கு 15, டிஜியோட பத்து மடங்குக்கு மேல. படம் நல்லா வரும், கத்துக்கவும் நல்லது, நான் இல்லேங்கல. ஆனா லென்ஸ் மாட்டுனா பாக்கெட்டுக்குள்ள போகாது, அதனால பாக்ஸுக்குள்ள போகும், பாக்ஸுக்குள்ள போனா வெளிய வராது. பின்னாடி பாக்ஸ் வேற ஆக அதிகமா குலுங்குற எடம், நேரா வீலுக்கு மேல. இத வாங்கித்தான் ஆகணும்னா முதுகுல போடாம நெஞ்சுக்கு குறுக்கால போடுற பை வாங்குங்க, பைக்குள்ள தடிச்ச நுரை இருக்கணும், கேமராவ வெறுமனே வார்ல கழுத்துல மாட்டிக்கிட்டு மட்டும் ஓட்டாதீங்க, விழுந்தா கேமரா உடையுறத விட அது நெஞ்செலும்ப உடைக்கிறதுதான் பயம். ரோட்டோரத்துல லென்ஸ் மாத்துறதும் வேணாம், காலையில ஒண்ண மாட்டுனா சாயந்தரம் வரைக்கும் அதே.

என்னைய கேட்டா, தோட்டத்துப் பக்கம் இருக்குற, கப்சாய்ங்கற சின்ன மோட்டோர் ஓட்டுற, மொத தடவ வாங்குற ஆளுக்கு, நின்னு படம் எடுக்கணும்னா செகண்ட் ஹேண்ட் டிஜி-5 இல்ல டிஜி-6. நான் என்னோடத ஆயிரம் வெள்ளிக்கு கொஞ்சம் மேல குடுத்து வாங்குனேன், மூணு வருஷம் ஆச்சு, ஜாக்கெட் எடது பாக்கெட்டுல ஒரு கவுத்துல கட்டி கெடக்கு. கொற இல்லாம இல்ல, ராத்திரி படம் சுமார்தான், ஷட்டர் வேகத்த, அதான் வெளிச்சம் உள்ள வர்ற நேரத்த, நம்ம இஷ்டத்துக்கு வெக்கிற வழி அதுல கெடையாது, பட்டன் சின்னது, தடிச்ச கையுறையோட அமுக்குனா பக்கத்து பட்டனும் சேந்து அமுங்கும். ஆனா கிட்ட வெச்சி எடுக்குறதுல அத அடிச்சிக்க ஆளில்ல, லென்ஸ்ல இருந்து ஒரு சென்டிமீட்டர்ல இருக்குற பொருளக் கூட புடிக்கும், பால் மரத்துல வெட்டுன கோட்டுல பால் ஒரு சொட்டு நிக்கும் பாருங்க, அத எடுத்து பாருங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது நேர்ல பாத்து வாங்குங்க, பெட்ரோல் ஸ்டேஷன் முன்னாடியோ மாமாக் கடையிலயோ, வெளிச்சமான எடத்துல. கையில ஒரு சின்ன டார்ச் கொண்டு போங்க, லென்ஸுக்குள்ள சாய்வா அடிச்சி பாருங்க, சிலந்தி வல மாதிரி மெல்லிசா வெள்ள கோடு ஓடுனா அது பூசணம், வேணாம்னுட்டு வந்துருங்க, சுத்தம் பண்ணிக்கலாம்னு அவன் சொல்லுவான், பண்ண பண்ண திரும்ப வரும். பேட்டரி கதவ தொறந்து அதச் சுத்தி இருக்குற ரப்பர விரலால தடவிப் பாருங்க, வெடிப்பு, மணல், முடி எதுவும் இருக்கக் கூடாது. சார்ஜ் ஓட்டையில பச்சையா களிம்பு புடிச்சிருந்தா உள்ள ஏற்கனவே தண்ணி போயிருக்கு. பேட்டரி உப்பி இருக்கான்னு மேச மேல வெச்சி சுத்தி விட்டுப் பாருங்க, பம்பரம் மாதிரி சுத்துனா உப்பிருச்சு. ஆர்எக்ஸ்100 மாதிரி கேமரான்னா லென்ஸ் வாய சுருக்கி, அதாவது அப்பெர்ச்சர் எஃப் 11 வெச்சி, வெள்ள சொவத்த எடுத்து பெருசாக்கி பாருங்க, சாம்பல் கலர்ல புள்ளி தெரிஞ்சா அது சென்சார் தூசி. அப்பறம் முக்கியமான ஒண்ணு, பழைய டஃப் கேமரா 15 மீட்டர் தாங்கும்கிறது புதுசா வந்தப்ப உள்ள பேச்சு, ரப்பர் வயசாயிருச்சுன்னா மழைக்கு மட்டும்தான்னு வெச்சிக்குங்க, லாத்தா கிஞ்சாங் அருவியில முக்கி பாக்குறேன்னு வெளாடாதீங்க.

புதுசாத்தான் வேணும்னா இம்போர்ட் செட்டா, அதாவது கடைக்காரனே வெளியில இருந்து கொண்டாந்ததா, இல்ல மலேசியா வாரண்டியான்னு கேட்டுட்டு வாங்குங்க. ஒரு கடையில நான் இம்போர்ட் செட் ஒண்ணு 200 வெள்ளி மலிவுன்னு வாங்கிட்டு ஆறாவது மாசம் ஷட்டர் சிக்கி, அவங்களும் பாக்கல, சர்வீஸ் சென்டரும் தொடல, கடைசில செஞ்ச செலவு 380. கோலாலம்பூர் போற வேல இருந்தா கேமரா கடைங்க இருக்குற புடு பிளாசா பக்கம் ஒரு நட நடந்து கையில புடிச்சிப் பாத்துட்டு வாங்க, வாங்கணும்னு இல்ல, பாக்கெட்டுக்குள்ள போகுதான்னு பாக்கலாம். ஆமா, அந்த ஜாக்கெட்ட போட்டுக்கிட்டே போங்க.

கையில இருக்குற மொத்த காசையும் கேமராவுக்கே கொட்டாதீங்க. 1200 இருந்தா 900க்கு கேமரா, மிச்சத்துல இன்னொரு பேட்டரி, ரெண்டு கார்டு, மணிக்கட்டுக்கு ஒரு கவுறு, தண்ணி போகாத சின்ன பை, லென்ஸ் தொடைக்கிற துணி. பேட்டரிய சீட்டுக்கு அடியில வெக்காதீங்க, மதிய வெயில்ல அது அடுப்பு. மோட்டோர்ல யூஎஸ்பி சார்ஜர் போட்டிருந்தா யூஎஸ்பி-சி உள்ள கேமரா வசதி, டிஜி-7ல அது இருக்கு, டிஜி-6ல பழைய மைக்ரோ யூஎஸ்பிதான், அதுக்கு தனி வயர் தூக்கணும். மழையில மட்டும் கதவ தொறந்து சார்ஜ் போடாதீங்க.

எடுக்குறதப் பத்தி ரெண்டே விஷயம். 60 கிலோமீட்டர் வேகத்துல போற மோட்டோரு ஒரு விநாடியில 16 மீட்டருக்கு மேல ஓடுது, ஷட்டர் 60ல ஒரு பங்கு விநாடி தொறந்திருந்தாலே அது 28 சென்டிமீட்டர் நகந்துரும், படம் கோடு கோடா இழுக்கும். ஆயிரத்துல ஒரு பங்குனா ரெண்டு சென்டிமீட்டர் கூட இல்ல, கூட்டாளி வளைவுல வர்றது கல்லு மாதிரி நிக்கும். ஆனா அப்படி நிறுத்துனா வண்டி பார்க்கிங்ல நிக்கிற மாதிரியும் இருக்கும், அதனால வேகம் தெரியணும்னா, ஷட்டர மாத்த வழி இருக்குற கேமராவுல 60ல ஒரு பங்கே வெச்சிக்கிட்டு, வர்ற ஆளு கூடவே கேமராவையும் இடுப்போட திருப்பிக்கிட்டே எடுங்க, ஆளு தெளிவா இருப்பான், பின்னாடி செம்பன மரமெல்லாம் பச்ச கோடா ஓடும். இருபது எடுத்தா ரெண்டு தேறும். ரெண்டாவது, இது எல்லாம் ரோட்டோரத்துல எறங்கி நின்னுக்கிட்டுதான், அதுவும் பிளஸ் நெடுஞ்சாலை அவசர பாதையில இல்ல, நிக்கிறதுக்குனு எடம் இருக்கு அங்க நில்லுங்க. கிரிக் ரோட்டுல யானை கடக்கும்னு மஞ்ச போர்டு இருக்குல்ல, அந்த போர்ட எடுங்க, நெசமா யானை வந்தா வண்டிய அணைக்காம திருப்பிக்கிட்டு வந்துருங்க.

கேமரா வந்த மொத வாரமே தூரமா கெளம்பாதீங்க. சுங்கை சிப்புட்டுல இருந்து கோலகங்சார் வரைக்கும் பழைய ரோட்டுல போங்க, போதும். போற வழியில காராய் பக்கம் 1900ல தொறந்த விக்டோரியா பாலம் இருக்கு, பேரா ஆத்து மேல ஒத்த தண்டவாளம், இரும்பு சட்டம், ரயில் இப்ப பக்கத்து புது பாலத்துலதான் போகுது. அங்க அகலமா ஒண்ணு, ஜூம் போட்டு ஒண்ணு, இரும்பு ஆணிய கிட்ட ஒண்ணு எடுங்க, உங்க கேமராவுக்கு எது வரும் எது வராதுன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிரும். அப்பறம் டவுனுக்குள்ள போனா 1877ல நட்ட ஒம்பது ரப்பர் கன்னுல தப்பிச்ச மரம் வேலி போட்டு நிக்குது, நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் கப்பல் ஏறுனதுக்கு காரணமான மரத்தோட சொந்தக்காரன், அத நிழலும் வெயிலுமா எடுத்துப் பழகுங்க. இந்த சின்ன ரைடுலயே எந்த பாக்கெட்டுல வெச்சா கைக்கு வாட்டமா இருக்கு, கவுறு எங்க சிக்குது, கையுறையோட எந்த பட்டன் அமுங்கலன்னு எல்லாம் வெளிய வந்துரும்.

வீட்டுல வெக்கிறதுக்கும் ஒரு வார்த்த. நம்ம ஊரு ஈரத்துக்கு பூசணம் ரொட்டியில புடிக்கிற மாதிரி லென்ஸ்லயும் புடிக்கும், என் டிஎஸ்எல்ஆர் லென்ஸ் அப்படித்தான் போச்சு, துணி அலமாரிக்குள்ள வெச்சது தப்பு. ஈரம் புடிக்காம வெக்கிற டிரை கேபினட் எல்லாம் வேணாம், காத்து போகாம மூடுற சாப்பாட்டு டப்பா ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல் ரெண்டு பொட்டலம், சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்ணு, முள்ளு 40க்கும் 50க்கும் நடுவுல நிக்கணும். 60ஐ தாண்டுனா சிலிக்கா ஜெல்ல மாத்துங்க இல்ல வாட்டி எடுங்க. ஆக நல்ல மருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது கேமராவ வெளிய எடுத்து வெயில் வெளிச்சத்துல படம் எடுக்குறதுதான். மழையில நனைஞ்ச டஃப் கேமராவ நல்ல தண்ணியில கழுவி, தொடச்சி, முழுசா காஞ்சதுக்கு அப்பறம்தான் கதவ தொறக்கணும்.

கேமரன் மலைக்கு போறவங்க, சிம்பாங் பூலாய் வழியா ஏறி தானா ராத்தாவுல ஒரு ராத்திரி தங்கிட்டு காலையிலேயே எறங்குவீங்க. மேல குளிர்ல கேமரா சில்லுனு இருக்கும். கீழ எறங்குனதும் சூடும் ஈரமும் உள்ள காத்து பட்டா, மூக்குக் கண்ணாடியில ஆவி புடிக்கிற மாதிரி லென்ஸ் மேலயும், சில சமயம் உள்ளயும் தண்ணி பூக்கும். ஏர்கான் ரூம்ல இருந்து வெளிய வரும்போதும் இதேதான். அதனால மலையிலயே கேமராவ ஜிப்லோக் பைக்குள்ள போட்டு காத்த வெளிய தள்ளி மூடிருங்க, ஈரம் பை மேல புடிக்கும், கேமராவுல புடிக்காது. சிம்பாங் பூலாய் வந்ததும் நிறுத்தி ஒரு தே ஓ சொல்லுங்க, பைய மேச மேல வைங்க, தொட்டுப் பாத்தா கைச்சூட்டுக்கு வரணும், அர மணி நேரம் ஆகும். அதுக்கு முன்னாடி யாரு அவசரப்படுத்துனாலும் தொறக்காதீங்க.